ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வந்தால் எதையெல்லாம் பார்ப்பார்?

புதுவரவு:
இங்கிலாந்தில் இருக்கிறோம். 29 வாரக் கர்ப்பம், முதல் குழந்தை. ஹெல்த் விசிட்டர் (தாய்-சேய் நலம் பார்க்கும் செவிலியர்) வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்தான் பார்க்கிறாரே, இவர் எதற்கு? ஒரே அறை வீடு, தொட்டில்கூட இன்னும் வாங்கவில்லை. குறை எழுதிவிடுவார்களா? என் ஆங்கிலம் சுமார். கணவர் மொழிபெயர்த்துச் சொன்னால் போதுமா?

கணக்கன்:
மிட்வைஃப் பிரசவத்தோடும் அதை ஒட்டிய நாட்களோடும் விடைபெறுவார். ஹெல்த் விசிட்டர் குழந்தை பள்ளிக்குப் போகும்வரை. அவரும் நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ இருந்து மேலே படித்தவர்தான்.

இங்கிலாந்தில் 5 சந்திப்புகள்: 28 வாரத்துக்குப் பிறகு ஒன்று, பிறந்த 10–14 நாளில், 6–8 வாரத்தில், ஒரு வயதை ஒட்டி, இரண்டு இரண்டரை வயதில். (ஸ்காட்லாந்தில் 11!) இவற்றை நடத்துவது அந்தச் சேவைக்குத்தான் கட்டாயம், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரே அறை குறையே இல்லை. முதல் 6 மாதம் குழந்தை உங்கள் அறையில் தூங்கட்டும் என்றுதான் அவரே சொல்வார். தொட்டிலில் அவர் பார்ப்பது: மெத்தை தட்டையாக, அழுத்தமாக இருக்கிறதா, உள்ளே தலையணை, பொம்மை, ஓரத் தடுப்பு மெத்தை ஏதும் கிடக்கிறதா. மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், அறை 16–20 டிகிரி. ஊரிலிருந்து அம்மா கடுகுத் தலையணை கொண்டுவந்தால் அது பெட்டியிலேயே இருக்கட்டும். கண் மையும் தேனும் அப்படியே: மையில் ஈயம் இருக்கலாம், தேன் ஒரு வயதுக்கு முன் ஆகாது. சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அலமாரியை இழுத்து மறைக்காமல் காட்டுங்கள்.

நடுவில்ஒருத்தி:
கணவர் மொழிபெயர்ப்பது மட்டும் வேண்டாம். அவர் நல்லவரா இல்லையா என்பதல்ல விஷயம். "கடந்த ஒரு மாதத்தில் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை அடிக்கடி வந்ததா? எதிலும் நாட்டமில்லாமல் போனதா?" என்று கேட்பார்கள். வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா என்பதையும் தனியாக இருக்கும்போதுதான் கேட்பார்கள். பக்கத்தில் கணவர் இருந்தால் அந்தக் கேள்வியே வராமல் போகலாம்.

கடிதத்திலுள்ள எண்ணுக்கு முன்கூட்டியே அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். போன் வழியாகவும் நடக்கும். இன்னொன்று: நம்மில் பலர் "ஒரே அலுப்பா இருக்கு" என்றுதான் சொல்வோம், அது வெறும் களைப்பு என்று போய்விடும். அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

புதுவரவு:
நன்றி. பிறந்த பிறகு எடை குறைந்தால் திட்டுவார்களாமே?

கணக்கன்:
முதல் சில நாளில் எடை இறங்குவது இயல்பு. 3,200 கிராமில் பிறந்தால் 10 சதவீதம் 320. அதாவது 2,880க்குக் கீழே போனால் பால் குடிப்பதைக் கூர்ந்து பார்ப்பார்கள். 3 வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும்.

தவறு நடப்பது தராசில்தான். உடை, டயப்பர் எதுவும் இல்லாமல் நிறுக்க வேண்டும். ஒருமுறை ஈர டயப்பரோடும் மறுமுறை வெறும் உடம்போடும் நிறுத்தால், இறங்காத எடை இறங்கியதாகத் தெரியும். அதைச் சிவப்புப் புத்தகத்தில் (குழந்தையின் எடை, தடுப்பூசி விவரம் எழுதும் பதிவேடு) புள்ளி வைத்ததும் வீடே கலங்கிவிடும். ஒரு புள்ளியைப் பார்க்காதீர்கள், கோட்டின் போக்கைப் பாருங்கள். 9ஆம் கோடு என்றால் நூறு குழந்தைகளில் 9 பேர் அதைவிட எடை குறைவு என்று பொருள்; அதில் சீராக ஏறும் குழந்தை, நடுக்கோடான 50இல் ஏறும் குழந்தையைவிட ஒன்றும் மட்டமில்லை. வாரம் தவறாமல் நிறுக்கவும் வேண்டாம். 2 வாரம் தாண்டினால் மாதம் ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. இடையில் நம்ப வேண்டியது டயப்பரை: 5ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 கனத்த ஈர டயப்பராவது வேண்டும்.

நடுவில்ஒருத்தி:
மஞ்சள் காமாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நிறத்தில் தோலைப் பார்த்தால் ஏமாறலாம். பகல் வெளிச்சத்தில் கண் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். 14 நாள் தாண்டியும் இருந்தால் சொல்ல வேண்டும். மலம் வெளிறியிருந்தால் சந்திப்பு வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஜி.பி.யை (குடும்ப மருத்துவரை) கூப்பிடுங்கள்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி எல்லாக் குழந்தைக்கும் இங்கிலாந்தில் போடுவதில்லை. பெற்றோரில் அல்லது தாத்தா பாட்டியில் ஒருவர் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால் உண்டு, 28 நாளுக்குப் பிறகு. கேட்காவிட்டால் விட்டுப்போகலாம். தாய்ப்பால் மட்டும் என்றால் தினம் 8.5–10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சொட்டு மருந்து.

பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால் அந்த முகவரியை மிட்வைஃபிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 10ஆம் நாள் சந்திப்பு அதனாலும் தவறலாம்: ஹெல்த் விசிட்டர் பழைய வீட்டு மணியை அடித்துக்கொண்டிருப்பார்.