‘குளிர்க்கடன்’: பூக்காத ஜப்பானியச் சீமைமாதுளைக்காக ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஜப்பானியச் சீமைமாதுளைச் செடி அந்த ஒரு முறைக்குப் பிறகு ஏன் பூக்கவே இல்லை என்று கோலாலம்பூரின் கெப்போங் அன்பர் கேட்டதில் தொடங்கிய இவ்விழை, இப்போது ஒரு கலைச்சொல்லைத் தேடி நிற்கிறது. உறங்கும் மொட்டு விழிப்பதற்குப் பெற்றாக வேண்டிய குளிரின் அளவைத் தோட்டக்கலை நூல்கள் ‘சில்லிங் ரிக்வயர்மென்ட்’ என்று வழங்குகின்றன. அக்கருத்துக்கு நான் ‘குளிர்க்கடன்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜப்பானியச் சீமைமாதுளை, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையுதிர்க்கும் முட்புதர். ஆப்பிளுக்கும் பேரிக்கும் நெருங்கிய உறவு. அதன் பூமொட்டுகள் பூக்கும் பருவத்தில் உருவாவதில்லை. முந்தைய கோடையிலேயே முதிர்ந்த கிளைகளில் அவை உருவாகிவிடுகின்றன; வெப்பம் குறையத் தொடங்கியதும் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுகின்றன. அவ்வுறக்கத்தின் தனித்தன்மை என்னவென்றால், நடுவில் சில நாட்கள் நல்ல வெயில் அடித்தாலும் மொட்டு விழிப்பதில்லை, ஏனெனில் தடை வெளியில் இல்லை, மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. போதிய அளவு குளிரைப் பெற்ற பின்னரே அத்தடை நீங்குகிறது. அதன் பிறகும் மொட்டு உடனே மலர்ந்துவிடாது, வெப்பத்துக்காகக் காத்திருக்கும். இவ்விரண்டு கட்டங்களும் முடிந்தால்தான், ஜப்பானிலும் சீனத்திலும் காண்பதுபோல, குளிர்காலத்தின் கடைசியில், இலை துளிர்ப்பதற்கு முன்பே, வெறுங்கிளைகளில் செந்நிறப் பூக்கள் விரிகின்றன.

இக்குளிரை அளப்பதற்குப் பல முறைகள் உள்ளன. 7.2 பாகை செல்சியஸுக்குக் கீழே கழியும் மணிகளை எண்ணிக் கூட்டுவது பழைய முறை. 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உருவான முறை இன்னும் நுட்பமானது: 2.5 பாகைக்கும் 9.1 பாகைக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்கு முழு அலகு ஒன்றைத் தரும். வெப்பம் 16 பாகையை ஒட்டி ஏறியதும் சேர்ந்த கணக்கிலிருந்து அரை அலகையும், 18 பாகையைத் தாண்டினால் முழு அலகையும் கழித்துவிடும். 1980களில் இஸ்ரேலில் உருவான மூன்றாவது முறையில், ஓர் அளவுக்கு மேல் திரண்டுவிட்ட குளிரைப் பின்னர் வரும் வெப்பத்தால் அழிக்க முடியாது. குளிர் சேரும், சேர்ந்தது குறையும், ஒரு கட்டத்தில் நிலைபெறும் என்னும் இந்த வரவுசெலவு இயல்பை நாம் தேர்ந்தெடுக்கும் சொல் தாங்க வேண்டும்.

நம் நாட்டு நிலையைப் பாருங்கள். கினபாலு மலையின் உச்சியை விட்டுவிட்டால், மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, அது 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவானது. பழைய முறைப்படி எண்ணினால் அந்த இரவில்கூட ஒரு மணி நேரமும் கணக்கில் ஏறாது. யூட்டா முறைப்படி சில மணிகள் ஏறும்; ஆனால் மறுநாள் பகல் வெப்பம் அவற்றைக் கழித்துவிடும். கேமரன் மலைக்கே இதுதான் நிலை என்றால், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையையோ, நள்ளிரவிலும் 24 பாகையை ஒட்டியே நிற்கும் கோலாலம்பூரையோ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கெப்போங் அன்பரின் செடி முதல் முறை பூத்ததற்கும் இதுவே விளக்கம்: அம்மொட்டுகள் இங்கே வருவதற்கு முன்பே, வளர்ந்த இடத்தில், தங்களுக்குரிய குளிரைப் பெற்றுவிட்டிருந்தன. செடியும் நன்றாகத்தான் இருந்தது, வளர்த்தவரும் குறை வைக்கவில்லை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘குளிரூட்டல் தேவை’ என்பதை முதலில் விலக்கிவிடலாம். குளிரூட்டி என்றால் நம் வீடுகளில் ஏர்கோனும் ஐஸ்பெட்டியும்தான். அறையைக் குளிர்விப்பதைப் பற்றிய சொல்லாகவே அது ஒலிக்கும்.

‘தட்பப்பதனம்’ என்னும் சொல்லை முன்வைத்த அம்மையாருக்கு நன்றி. அது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் நல்ல சொல். ஆனால் வேறொரு கருத்துக்குரியது. குளிர்கால கோதுமை போன்ற பயிர்கள் இளமையில் குளிரைப் பெற்றால்தான் பின்னர்ப் பூக்கும் தகுதியையே அடைகின்றன. அங்கே குளிர், பூமொட்டு உருவாவதற்கு வழி திறக்கிறது. சீமைமாதுளையில் பூமொட்டு முன்பே உருவாகிவிட்டது; குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்கிறது, அவ்வளவே. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பிற்காலத்தில் எழுதுவோர் ஒவ்வொரு முறையும் எந்தப் பொருளில் எழுதுகிறார்கள் என்று விளக்க வேண்டிவரும்.

‘கூதிர்ப்பேறு’ என்பதன் அழகை நான் மறுக்கவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று பருவங்களை நுட்பமாகப் பகுத்த மரபு நம்முடையது என்று பினாங்கு அன்பர் எழுதியது உண்மை. ஆயினும் கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குரிய, மழையும் வாடையும் கலந்த குளிர். இங்கே அம்மாதங்களில் பெருமழை பெய்கிறது. மொட்டை விழிக்கச் செய்யும் குளிர் வருவதில்லை. அச்சொல்லைப் படிக்கும் மலேசிய வாசகர், நவம்பர் மழையில் செடியை நனைத்தால் போதும் என்று எண்ண இடமுண்டு. வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும் செடிக்கு அது கேடாகவே முடியும்.

வலுவான போட்டிச் சொல் ‘குளிர்த்தேவை’தான். எளியது, யாருக்கும் உடனே புரியும். அந்த எளிமையே எனக்குத் தயக்கத்தைத் தருகிறது. தேவை என்றால் நீர்த்தேவை, ஒளித்தேவை போல எப்போதும் இருந்துகொண்டிருப்பது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ‘இது குளிர்த்தேவை உடைய செடி’ என்று ஒரு சிட்டையில் எழுதி ஒட்டினால், வாங்குபவர் அதை நிழலில் வைப்பார், அல்லது மண்ணின் மேல் ஐஸ்கட்டிகளைப் போடுவார். இரண்டு வழிகளையும் இவ்விழையிலேயே சிலர் பரிந்துரைத்திருக்கிறார்கள். உண்மையில் வளரும் பருவத்தில் இச்செடிக்கு முழு வெயில் வேண்டும், வெப்பத்தையும் நன்றாகவே தாங்கும். குளிர் வேண்டியிருப்பது உறக்கத்தின்போது மட்டுமே. அதுவும் மொட்டுக்கு வேண்டும், வேருக்கு அல்ல. 1920இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஒருவர், கண்ணாடிக் கூடத்துக்குள் இருந்த புளுபெரிச் செடியின் ஒரு கிளையை மட்டும் குளிர்காலத்தில் வெளியே நீட்டி வைத்தார். வசந்தத்தில் அந்தக் கிளை துளிர்த்தது. உள்ளே வெதுவெதுப்பில் இருந்த மற்ற கிளைகள் உறங்கியே கிடந்தன. ஆகவே தொட்டி மண்ணில் போடும் ஐஸ்கட்டி வேரைத் துன்புறுத்துமேயன்றி மொட்டுக்கு எதையும் தராது.

‘குளிர்க்கடன்’ இக்குழப்பங்களுக்கு இடம் தருவதில்லை. கடன் எப்போதும் இருப்பதன்று. ஒரு காலத்தில் ஏற்பட்டு, சிறிது சிறிதாகக் கழிந்து, முற்றும் தீர்ந்த பின் இல்லாமல் போவது. மொட்டு உறக்கத்தில் ஆழும்போது குளிர்க்கடன் ஏற்படுகிறது. குளிர்ந்த மணிகளால் அது கழிகிறது. இடையில் வரும் வெப்பம் கழிந்ததைத் திரும்ப ஏற்றுகிறது. தீர்ந்ததும் மொட்டு விழிக்கத் தயாராகிறது. வினைச்சொற்கள் தாமாகவே அமைந்துவிடுவதைக் கவனியுங்கள். ‘குளிர்க்கடன் தீராத மொட்டு’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது.

கடன் என்றால் வங்கிக் கடனும் வட்டியும் அல்லவா நினைவுக்கு வருகின்றன என்று ஈப்போ ஆசிரியர் கேட்டிருந்தார். ‘கடனே என்று செய்தான்’ என்னும் வழக்கையும் சுட்டியிருந்தார். நேரிய கேள்வி. எனினும் தமிழில் கடன் என்பதற்குச் செய்தே தீர வேண்டிய முறைமை என்னும் பொருள் பழையது மட்டுமன்று, இன்றும் உயிரோடு இருப்பது. காலைக்கடன் என்கிறோம். பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் தைப்பூசத்தன்று காவடி எடுப்போர் செலுத்துவது நேர்த்திக்கடன். அங்கே வட்டியும் இல்லை, இழிவும் இல்லை. நிறைவேற்றாமல் அடுத்த நிலைக்குப் போக முடியாது என்னும் கட்டுப்பாடு மட்டுமே இருக்கிறது. மொட்டின் நிலையும் அதுவே.

இச்சொல்லின் பொருத்தத்தைக் காட்ட நம் அண்டை நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. கிழக்கு ஜாவாவில் மாலாங்குக்கு அருகே உள்ள பத்து என்னும் மலையூரில், குளிர்காலமே இல்லாத இடத்தில், ஆப்பிள் ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. அறுவடை முடிந்த சில வாரங்களில் உழவர்கள் மரத்தின் இலைகள் அனைத்தையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போவதற்கு முன்பே எழுப்பப்பட்டு மலர்ந்துவிடுகின்றன. ‘குளிர்த்தேவை’ என்று சொன்னால், தேவை நிறைவேறாமலே மரம் எப்படிக் காய்த்தது என்ற முரண் எழுகிறது. ‘குளிர்க்கடன்’ என்றால் முரண் இல்லை: கடன் ஏற்படுவதற்கு முன்பே மொட்டு எழுந்துவிட்டது.

சொல்லைத் தோட்டக் குறிப்பு ஒன்றில் இட்டுச் சோதிப்போம். கெப்போங் அன்பருக்கான விடையாகவே இதை எழுதுகிறேன்: ‘ஜப்பானியச் சீமைமாதுளையைச் சமவெளியில் முழு வெயிலில், நீர் வடியும், சற்றே அமிலத் தன்மையுள்ள மண்ணில் வளர்க்கவும். சுண்ணாம்பு மிகுந்தால் இலை மஞ்சளாகும். பூக்கள் முதிர்ந்த கிளைகளில் தோன்றுவதால், கிளைகளை வெட்டுவதானால் பூத்து முடிந்தவுடன் வெட்ட வேண்டும்; பிந்தி வெட்டினால் அடுத்த ஆண்டின் மொட்டுகளும் போய்விடும். அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்துத் தனித் தொட்டியில் வைக்கலாம். கோலாலம்பூரில் இதன் குளிர்க்கடன் இயற்கையாகத் தீராது. எனவே பூவுக்காக அன்றி, முறுக்கிய கிளை அமைப்புக்காகக் குறுமரமாக (போன்சாயாக) வளர்ப்பதே ஏற்றது.’ பூவே வேண்டும் என்பவர்கள் சிறு தொட்டியைப் படிப்படியாகக் குளிருக்குப் பழக்கி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகை அளவில் பல வாரங்கள் வைத்துக் குளிர்க்கடனைத் தீர்க்க முயலலாம். அப்போது மண் காயவும் கூடாது, சொதசொதப்பாகவும் கூடாது. அதே பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்கள் அறவே இருக்கக் கூடாது, ஏனெனில் பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வளி மொட்டுகளைக் கெடுத்துவிடும். சாறுண்ணிகளும் செதிற்பூச்சிகளும் வழக்கமான தொல்லைகள்தாம். அவற்றுக்கு இங்கே இடம் ஒதுக்கவில்லை.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கு ஒரு சொல். சீமைமாதுளை விதையும் ஈரத்தோடு இரண்டு மூன்று மாதங்கள் குளிரில் இருந்தால்தான் நன்கு முளைக்கும். அங்கே நாமே செய்யும் செயலுக்குக் ‘குளிர்ப்பதனம்’ என்றும், விதையிடம் உள்ள நிலைக்குக் குளிர்க்கடன் என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. செயலும் நிலையும் ஒரே சொல்லுக்குள் கலக்காமல் இருப்பது நல்லது.

துணைச்சொற்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பழைய முறையின் அளவைக் ‘குளிர்மணி’ என்றும், யூட்டா முறையின் அளவைக் ‘குளிரலகு’ என்றும் வழங்கலாம். மொட்டுக்குள்ளிருக்கும் தடையால் நேரும் உறக்கத்தை ‘அக உறக்கம்’ என்றும், கடன் தீர்ந்த பின் வெப்பத்துக்காகக் காத்திருக்கும் நிலையைப் ‘புற உறக்கம்’ என்றும் சொல்லலாம். விதை உறக்கம் என்னும் சொல் ஏற்கெனவே பாடநூல்களில் வழங்குவதால் இவை எளிதில் ஒட்டிக்கொள்ளும். இஸ்ரேலிய முறையின் அளவுக்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் கிட்டவில்லை. ‘குளிர்க்கூறு’ என்று எழுதிப் பார்த்தேன். திரண்டபின் அழியாதது என்னும் குறிப்பு அதில் இல்லை. ‘குளிர்த்திரள்’ சற்றுப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. வேளாண்மை பயின்ற அன்பர்கள் இதைப் பற்றி எழுதினால், தொகுப்பில் இந்த ஐந்து துணைச்சொற்களையும் ஒன்றாகவே ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பெட்டாலிங் ஜெயாவிலிருந்து