கடலூர், புதுச்சேரி பக்கம் ஓட்ட எந்தப் பின் சஸ்பென்ஷன் சரி? சிங்கிள் பிவட், ஹோர்ஸ்ட் லிங்க், விபிபி

முந்திரித்தோப்பு:
வணக்கம். 120-130 மி.மீ. டிராவலில் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) செகண்ட் ஹேண்ட் டிரெயில் பைக் ஒன்று பார்க்கிறேன். என் எடை 74 கிலோ. வீடு தேவனாம்பட்டினத்தில், கடல் பக்கத்திலேயே. ஓட்டுவதெல்லாம் கேப்பர் மலைச் செம்மண் பாதை, முந்திரித் தோப்புகள், பொம்மையார்பாளையம் ஓடைப் பள்ளங்கள். எப்போதாவது ஏற்காடு. லிங்க் வைத்த சிங்கிள் பிவட், ஹோர்ஸ்ட் லிங்க், விபிபி (வர்ச்சுவல் பிவட் பாயின்ட்) என்று மூன்று வகை விலைக்கு வந்திருக்கிறது. மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இவை எப்படி மாறும்? உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

செம்மண் சக்கரம்:
முதலில் பின் ஆக்ஸில் எந்தப் பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது.

மெயின் பிவட்டோடு (ஃபிரேமில் பின்பகுதி ஆடும் மூட்டு) நேராகச் சேர்ந்த ஸ்விங் ஆர்மில் ஆக்ஸில் இருந்தால் அது சிங்கிள் பிவட். மேலே எத்தனை லிங்க் இருந்தாலும் சக்கரம் ஒரே வட்ட வில்லில்தான் நகரும். அந்த லிங்க்குகள் ஷாக் அமுங்கும் விகிதத்தை மட்டுமே மாற்றும். செயின் ஸ்டேயில் (செயினை ஒட்டிய கீழ்க்குழாய்) ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிவட் இருந்து, ஆக்ஸில் சீட் ஸ்டே (சீட் பக்கமிருந்து இறங்கும் மேல்குழாய்) பக்கம் சேர்ந்திருந்தால் ஹோர்ஸ்ட் லிங்க். ஹோர்ஸ்ட் லைட்னர் உருவாக்கியது. 1998-ல் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு கம்பெனி வாங்கிவைத்திருந்தது. அது காலாவதியான பிறகுதான் இத்தனை கம்பெனிகளில் பார்க்கிறோம். பின் முக்கோணம் மொத்தமும் ஒரே துண்டாக இருந்து, இரண்டு குட்டி லிங்க்கில் தொங்கினால் விபிபி, டிடபிள்யூ லிங்க், மாஸ்ட்ரோ குடும்பம். விபிபியில் இரண்டு லிங்க்கும் எதிரெதிர் திசையில் சுழலும், மற்ற இரண்டிலும் ஒரே திசையில். டிரெக் கம்பெனியின் ஏபிபி என்ற அமைப்பு இதில் எதிலும் சேராது. பிவட் ஆக்ஸிலைச் சுற்றியே இருப்பதால் சக்கரத்தின் பாதை சிங்கிள் பிவட் போல, பிரேக் குணம் ஹோர்ஸ்ட் போல.

மிதிக்கும்போது உடல் எடை பின்னால் போய் ஷாக்கை அமுக்கும், செயின் இழுவை அதைத் தடுக்கும். இந்தத் தடுப்புதான் ஆன்டி ஸ்குவாட். 100 சதவீதம் என்றால் இரண்டும் சமம். விபிபி வகையில் சேக் (ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு) வரைக்கும் இதை 100-க்கு அருகில் வைத்து, ஆழமாக அமுங்கும்போது குறைப்பார்கள். அதனால் மேட்டில் ஏறும்போது லாக்கவுட்டை (ஷாக்கை ஆடாமல் பூட்டும் லிவர்) தொடவே தேவையில்லை. ஹோர்ஸ்டில் பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. பனைவேர், சரளைக்கல்லில் சக்கரம் நன்றாக ஒட்டி ஓடும், எழுந்து நின்று மிதித்தால் ஷாக் ஆடும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். நம் ஊர் சமவெளி என்று பலர் 32 பல் செயின் ரிங்கைக் கழற்றிவிட்டு 36 போடுகிறார்கள். ரிங் பெரிதானால் ஆன்டி ஸ்குவாட் குறையும், நல்ல பைக்கும் தொய்ந்து ஆடும். பழி சஸ்பென்ஷன் மேல் விழும். விற்பவரிடம் முதலில் பல் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

பிரேக் விஷயம்: சிங்கிள் பிவட்டில் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) ஸ்விங் ஆர்மிலேயே இருப்பதால் பிரேக் பிடித்தால் பின்பக்கம் தாழ்ந்தே நிற்கும், மேடுபள்ளத்தில் இறுகும். ஹோர்ஸ்டில் இது குறைவு. கேப்பர் மலை இறக்கம் சில நொடிதான், அங்கே இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏற்காட்டில் தெரியும். என் தேர்வு ஹோர்ஸ்ட் லிங்க்.

கெடிலக்கரை:
அண்ணா சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் கேட்டவர் வீடு தேவனாம்பட்டினம். அங்கே பேரிங்தான் முதல் கேள்வி.

பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றாது, சில டிகிரி முன்னும் பின்னும் ஆடும். குண்டுகள் அதே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும், கிரீஸ் பரவாது. உப்பு ஈரம் உள்ளே போனதும் அந்த இடத்திலேயே குழி விழும். லிங்க் இல்லாத சிங்கிள் பிவட்டில் இரண்டு பெரிய பேரிங் போதும். மற்ற வகைகளில் எட்டு சாதாரணம், சிலவற்றில் அதற்கும் மேல். விபிபியின் கீழ் லிங்க் பிபிக்கு (பெடல் சுழலும் அச்சு இருக்கும் இடம்) பக்கத்தில், டயர் வாரி அடிக்கும் சேற்றுக்கு நேராக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதலில் போவது அதுதான். 120 மி.மீ. போதுமென்றால், பின்னால் பிவட்டே இல்லாமல் சீட் ஸ்டே வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் ஸ்டே பைக்கையும் பாருங்கள். கெட்டுப்போக அங்கே பேரிங்கே இல்லை.

பழைய பைக்கைச் சோதிக்க ஷாக்கின் ஒரு பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் தூக்கி மெதுவாக இறக்குங்கள். வழுவழுப்பாக வர வேண்டும். மணல் அரைப்பது போல இருந்தால் பேரிங் போய்விட்டது. போல்ட்டை மாட்டிய பிறகு டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அடுத்து சீட்டைப் பிடித்துக் கொஞ்சம் தூக்குங்கள், இன்னொரு கை விரல் ஷாக் கண் மேல் இருக்கட்டும். அங்கே டக் என்று தட்டினால் தேய்ந்தது புஷ், அது மலிவான வேலை. ஷாக் தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் விலையைக் குறைக்கப் பேசாதீர்கள், வேறு பைக் பாருங்கள். மெயின் பிவட் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் முடி போலக் கிழிந்திருந்தாலும் அப்படியே.

முந்திரித்தோப்பு:
ரொம்ப நன்றி. பேரிங்கை இங்கேயே வாங்கி மாற்ற முடியுமா? 74 கிலோவுக்குக் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

செம்மண் சக்கரம்:
பேரிங் பற்றிக் கெடிலக்கரை சொன்னது நியாயம். நீங்கள் கடலோரம் என்பதால், ஹோர்ஸ்ட் பைக்கின் பிவட்டில் கரகரப்பு இருந்தால் எட்டு பேரிங்கின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

பேரிங்கை இங்கேயே வாங்கி மாற்ற முடியும். அளவு பேரிங்கின் ரப்பர் சீலிலேயே எழுதியிருக்கும். அதிகம் வருவது 6902 (15×28×7 மி.மீ.), 6802 (15×24×5), 6900 (10×22×6). இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கேளுங்கள். மோட்டாருக்கான சாதாரண பேரிங்கில் கிரீஸ் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது வேகமாகச் சுற்ற வேண்டியது. பிவட்டுக்கு அது போதாது. ஊசியால் சீலை மெல்ல நெம்பி எடுத்து, தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸை முழுக்க நிரப்பி மூடுங்கள். கிடைத்தால் குண்டுகள் நெருக்கமாக நிரம்பிய மேக்ஸ் வகை இன்னும் நல்லது.

சுத்தியலால் அடிக்கவே கூடாது. நீளமான எம்8 போல்ட், வாஷர், சாக்கெட் வைத்து இறுக்கி உள்ளே தள்ளுங்கள். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் புது பேரிங் அப்போதே பழசாகிவிடும். அலுமினிய ஃபிரேமும் ஸ்டீல் பேரிங்கும் உப்பில் ஒட்டிக்கொள்ளும், உட்காரும் குழியில் மெல்லிய கிரீஸ் பூச்சு அவசியம். போல்ட் திரெட்டில் நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) அந்த ஃபிரேமுக்குக் கம்பெனி சொன்ன அளவு.

கெடிலக்கரை:
காற்று: உடல் எடையின் பவுண்டுதான் தொடக்கம். 74 கிலோ என்றால் 160 பிஎஸ்ஐ. லிவரை ஓப்பனில் வைத்து, தண்ணீர், பை எல்லாவற்றோடும் உட்கார்ந்து, ஓ-ரிங்கை சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். 50 மி.மீ. ஸ்ட்ரோக் ஷாக்கில் ஓ-ரிங் 14-15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். பிஎஸ்ஐயை விட இந்த அளவே முக்கியம்.

வெயிலில் நின்ற பைக்கில் அளக்காதீர்கள். 28 டிகிரியில் 160 வைத்தது 45 டிகிரியில் சுமார் 170 ஆகிவிடும். விடியற்காலை ஓட்டுவதென்றால் விடியற்காலையிலேயே சரிபாருங்கள். ஏர் கேன் சீல், கிரீஸை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடற்கரையில் ஓட்டி வந்த அன்றே பிரஷர் வாஷர் இல்லாமல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஷாக் தண்டைத் துணியால் துடைத்துவிடுங்கள்.