அமீலியாவின் கல்யாணக் கடிதத்தை நாம் படிக்கலாமா?

நெட்டிலிங்கம்:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் அமீலியா ஏர்ஹார்ட்டின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1932இல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண். 1937இல் உலகைச் சுற்றக் கிளம்பி பசிபிக்கில் காணாமல் போனவர். 1931 பிப்ரவரி 7, கல்யாணத்தன்று, மாப்பிள்ளை ஜார்ஜ் புட்னமிடம் அவர் கொடுத்த கடிதமும் அதில் இருக்கிறது.

கல்யாணத்தில் எனக்குள்ள தயக்கம் உங்களுக்கே தெரியும், எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது என் வேலை. பழங்காலக் கற்பு விதியைக் காட்டி உங்களைக் கட்டிப்போட மாட்டேன், நானும் கட்டுப்பட மாட்டேன். ஒரு வருடத்தில் சந்தோஷம் இல்லையென்றால் என்னை விட்டுவிட வேண்டும். இப்படிப் போகிறது. நடுவில் ஒரு வரி: நம்முடைய சந்தோஷங்களையும் சண்டைகளையும் உலகம் பார்க்கும்படி விட வேண்டாம். அதைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன். இவ்வளவு தெளிவாகச் சொன்னவரின் கடிதத்தை ஊருக்கே திறந்து வைத்தது தப்பு என்பது என் கட்சி.

கூடுவாஞ்சேரி வாசகி:
மூடிவிட்டேன் என்கிறீர்கள், ஆனால் எங்களுக்குச் சுருக்கமும் எழுதித் தந்துவிட்டீர்களே சார்!

புட்னம் யார்? பதிப்பாளர், விளம்பரத்தில் கில்லாடி. 1928இல் ஒரு விமானத்தில் அமீலியாவை ஏற்றி அட்லாண்டிக்கைக் கடக்க வைத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். ஓட்டியது இரண்டு ஆண்கள். உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று அமீலியாவே சொன்னார். ஆனாலும் பத்திரிகைகள், முந்தின வருடம் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்க்கின் பெயரை ஒட்டி, 'லேடி லிண்டி' என்று கொண்டாடின. அப்புறம் அவர் பெயரில் உடுப்பு வந்தது, பெட்டி வந்தது, ஊர் ஊராகச் சொற்பொழிவு. அந்தப் பிம்பத்தை உருவாக்கியவருக்கே அந்தப் பெண் எழுதியது இது. இந்த ஒரு தாளை எடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது போஸ்டர்தான்.

நெட்டிலிங்கம்:
சரி, சுருக்கம் எழுதியது என் குற்றம்தான்.

ஆனால் போஸ்டர் பிடிக்கவில்லை என்பதற்காகப் பீரோவைத் திறக்கலாமா? பறக்கும்போது எழுதிய குறிப்புகளைப் போடுங்கள், விமானக் கணக்கைப் போடுங்கள், படிக்கிறேன். 1928 பயணத்துக்கு முன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி வைத்தார், தான் செத்தால் மட்டும் கொடுக்கச் சொல்லி. அந்தப் பயணத்தில் அவர் சாகவில்லை. அவற்றையும் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எங்கள் பாட்டி போனபின், தாத்தா அவருக்கு எழுதியிருந்த கடிதக் கட்டைச் சித்தப்பா வெந்நீர் அடுப்பில் போட்டார். அப்போது அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. இப்போது அவர் செய்தது சரி என்றே தோன்றுகிறது.

கடலோரக் காகம்:
அமீலியா விஷயத்தில் அடுப்பு வேலையை நெருப்பே பாதி செய்துவிட்டது. 1934இல் நியூயார்க் பக்கம் ரை என்ற ஊரில் புட்னம் வீடு தீப்பிடித்து, அமீலியாவின் சொந்தப் பொருட்கள் நிறைய போயின. இன்று இருப்பது தப்பிப் பிழைத்த மிச்சம்.

நெட்டிலிங்கம் அண்ணே, பறக்கும்போது எழுதிய குறிப்பு வேறு, மனசு வேறு என்று நீங்கள் பிரிப்பதுதான் எனக்கு இடிக்கிறது. 1937 பயணத்தில் கராச்சி, கல்கத்தா என்று இறங்கிய ஊர்களிலிருந்து அவர் குறிப்புகளை ஊருக்கு அனுப்பிக்கொண்டே வந்தார். கல்கத்தா டம்டம்மில் தரை சேறு. அங்கிருந்து எழும்பும்போது ஓரத்து மரங்களை ஒட்டித்தான் தாண்டினார். பர்மாவின் அக்யாபிலிருந்து ரங்கூனுக்குக் கிளம்பினால் பருவமழை, இறக்கையின் முன்விளிம்பில் பெயிண்ட் உரிகிற அளவுக்கு. திரும்பி அக்யாபிலேயே இறங்கினார்கள். இரண்டு மணி ஆறு நிமிடம் எங்கேயும் போகாமல் பறந்தோம் என்றாராம் கூட வந்த வழிகாட்டி ஃப்ரெட் நூனன். இது பயணக் கணக்கா, சொந்தக் கதையா?

இந்தக் குறிப்புகளைச் சேர்த்து அதே வருடம் புட்னம் புத்தகமாக்கினார். அமீலியா 'உலகப் பயணம்' என்று பெயர் வைக்க இருந்தது 'கடைசிப் பயணம்' என்று வந்தது. கையால் எழுதிய தாள்கள் இருப்பதால்தான் எது அவர் வார்த்தை, எது பதிப்பாளர் வேலை என்று ஒப்பிட முடிகிறது.

கூடுவாஞ்சேரி வாசகி:
அதேதான். அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. மாதாமாதம் பணம் அனுப்புவார், எப்படிச் செலவு செய்வது என்று அதட்டலும் கூடவே போகும். வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் மூத்த மகள் அப்படியே எதிரில் நிற்கிறாள். என் அக்காவும் அந்த ரகம்தான். இந்த அமீலியாவை எந்தப் பத்திரிகைப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

நெட்டிலிங்கம்:
உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதால் அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாதே அம்மா. புட்னம் கொடுத்தார், 2002இல் அவருடைய பேத்தி மேலும் ஒரு தொகுப்பு கொடுத்தார். எழுதியவரை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

சும்மா வந்தவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தக் கடிதத்துக்கு மாப்பிள்ளை என்ன சொன்னார்? கல்யாணம் நடந்ததா இல்லையா?

கடலோரக் காகம்:
நடந்தது. அன்றைக்கே, கனெக்டிகட்டில் நோவாங்க் என்ற ஊரில், புட்னமின் அம்மா வீட்டில். ஒரு வருடக் கெடு தாண்டியும் அமீலியா காணாமல் போகும் வரை சேர்ந்தே இருந்தார்கள். புட்னம் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. என் மாதிரி ஆளாக இருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பேன்.

கூடுவாஞ்சேரி வாசகி:
அதன் கடைசி வரியைப் பாருங்கள் சார். என்னால் ஆனமட்டும் முயல்வேன், நீங்கள் அறிந்த, உங்களுக்கு வேண்டும் போலத் தெரிகிற என்னுடைய அந்தப் பகுதியைத் தருவேன் என்கிறார். 'அந்தப் பகுதி'யாம்! கட்டிக்கொள்ளப் போகிறவருக்கே மிச்சத்தைக் காட்டவில்லை. நாம் ஒரு தாளைப் படித்து என்னத்தைப் பறித்துவிடப் போகிறோம்?

நெட்டிலிங்கம்:
கடைசி வரி வரை நான் போகவில்லை. நடுவிலேயே மூடிவிட்டேன் என்றேனே.

சும்மா வந்தவன்:
அப்படியே லிங்க் போடுங்களேன் சார்.

நெட்டிலிங்கம்:
அக்யாப் பக்கங்கள் வேண்டுமானால் தேடித் தருகிறேன் தம்பி. கடிதத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.