புதுப்பிப்பு: செண்பகம் பூத்துவிட்டது

"கோவையில் எங்கள் வீட்டு விதைச் செண்பகம் ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் ஒரு மொட்டுகூட விடவில்லை, என்ன செய்யலாம்?" என்று முன்பு கேட்டிருந்தேன். வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று வையுங்கள் என்று பாதிப் பேர், பொறுங்கள் என்று மீதிப் பேர். பொறுத்தேன். இந்தக் கோடையில் பூத்தது.

விதையில் வந்த செண்பகம் பூக்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆவது சாதாரணம். ஒட்டுக்கட்டியது 2, 3 ஆண்டுகளிலேயே பூத்துவிடும். ஆக எங்கள் மரத்துக்கு நோய் எதுவும் இல்லை, வயதுதான் போதவில்லை.

இலை வெளுப்பு பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகியிருந்தது. இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் கிடைக்காது; செண்பகத்துக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். மழைநீரைத் திருப்பிவிட்டு, தொழுவுரமும் இலைச்சருகு மூடாக்கும் போட்டேன். புதுத் துளிர் பச்சையாக வந்தது. தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், வேர் அழுகிவிடும்.

பூக்கள் இலைக்கக்கத்தில் ஒளிந்திருப்பதால் கண்ணுக்கு முன் மூக்குதான் கண்டுபிடிக்கிறது. அம்மா தினமும் ஒன்றைத் தலையில் வைக்கிறார், மீதி சாமிக்கு.

காய் வெடித்தால் விதை தருகிறேன். மைனாக்கள் முந்தாவிட்டால்! சிவப்புச் சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். அவசரக்காரர்கள் நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.