படத்துக்குத் தலைப்பு வைக்கத் திணறுறேன், யோசனை சொல்லுங்க

காசிமேட்டுத் தூரிகை:
அடுத்த மாசம் ஒரு குழுக் கண்காட்சி. நானும் சில நீர்வண்ணப் படங்கள் வைக்கிறேன், எல்லாமே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல உட்கார்ந்து வரைஞ்சது. லேபிளுக்குத் தலைப்பு, ஊடகம், அளவு, வருஷம் கேட்டிருக்காங்க. தலைப்புலதான் சிக்கிட்டேன். இப்போதைக்கு ‘மௌனம்’, ‘தேடல்’, ‘வாழ்க்கைப் பயணம்’. ‘தேடல்’ படத்துல ஒரு அம்மா கவுத்த மீன் பெட்டி மேல உட்கார்ந்து சில்லறை எண்ணுறாங்க. பேசாம எல்லாத்துக்கும் ‘தலைப்பிடாதது’ன்னு போட்டுடலாமா?

கரிக்கோல்:
அந்த அம்மா எதைங்க தேடுறாங்க? கையிலதான் காசு இருக்கே! கோவிச்சுக்காதீங்க, ‘தேடல்’ங்கிற பேர்ல நான் பார்த்த படங்களை வரிசையா மாட்டினா ஒரு ஹாலே ரொம்பிடும். நான் பண்றது இதுதான்: லேபிளைக் கழட்டிப் பக்கத்துப் படத்துக்குக் கீழ ஒட்டிப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்துச்சுன்னா அந்தத் தலைப்பு வேண்டாம்.

பிரெஞ்சு ஓவியர் மோனே வரைஞ்சதும் துறைமுகம்தான், பிரான்ஸ்ல இருக்கிற லெ ஆவ்ர். 1874 கண்காட்சிப் பட்டியலுக்குப் பேர் கேட்டப்ப, இதை அந்த ஊர்க் காட்சின்னு சொல்ல முடியாது, ‘இம்ப்ரெஷன்’னு (மனசுல பதிஞ்சது) போடுங்கன்னு சொன்னதா அவரே பிற்பாடு சொல்லியிருக்கார். லூயி லெருவாங்கிற விமர்சகர் அதை வச்சே நக்கலடிக்க, ‘இம்ப்ரெஷனிசம்’னு ஒரு ஓவிய இயக்கத்துக்கே பேர் ஒட்டிக்கிச்சு. அமெரிக்க ஓவியர் விஸ்லர் கதை நேர் எதிர். 1871-ல அம்மாவை உட்கார வச்சு வரைஞ்சுட்டு ‘சாம்பல், கறுப்பு நிற அமைப்பு எண் 1’னு பேர் வச்சார். ஜனங்க கேட்டாங்களா? இன்னிக்கும் அது ‘விஸ்லரோட அம்மா’தான்.

அந்த அம்மா எந்தக் காசை எண்ணினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

வெற்றுச்சுவர்:
தலைப்பே இல்லாம விடுறதும் தப்பில்லையே. அருவ ஓவியம் வரைஞ்ச நம்ம நாட்டு ஓவியர் கைத்தோண்டே பெரும்பாலும் பேர் வைக்கல, யாரும் குறை சொல்லலையே.

கரிக்கோல்:
அவரோட அருவப் படங்கள்ல ஆள், பெட்டி, மீன் எதுவும் கிடையாதுங்க. இங்க ஒரு அம்மா முழுசா உட்கார்ந்திருக்காங்க.

பிரேம்கடை:
படத்துக்குச் சட்டம் போடுறவன் நான். ‘தலைப்பிடாதது’ நாலு வந்தா எது யாரோடதுன்னு பில்லுல எழுத முடியல. ‘நீலமா ஒண்ணு இருக்குமே, அது’ன்னு போன் வரும். வர்றது எல்லாமே நீலம்தான்! பேர் என்ன வேணா வைங்க, தாளுக்குப் பின்னாடி ஓரமா பென்சில்ல எழுதிடுங்க. மார்க்கர் வேண்டாம், முன்பக்கம் ஊறிடும்.

காசிமேட்டுத் தூரிகை:
அன்னிக்கே அந்த அம்மாகிட்ட கேட்டேன். ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் குடுத்தது போக மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துட்டு இருந்தாங்களாம். ‘ஐஸ் காசு போக’ன்னு வைக்கலாமா?

கரிக்கோல்:
வைங்க. பக்கத்துப் படத்துக்கு இது ஒட்டாது. ‘மௌனம்’ படத்துல என்ன இருக்கு?

காசிமேட்டுத் தூரிகை:
டீசல் போட்டுட்டு இருக்கிற விசைப்படகு.

பிரேம்கடை:
அந்தச் சத்தத்துக்கா சார் ‘மௌனம்’?