மீட்டியோஸ்டாட்: 1996 மார்கழியில் மழை பூச்சியமாம்!

பரந்தன்_பொடியன்:
வணக்கம். கிளிநொச்சிக்கு மாதாந்த மழை வரைபு ஒன்று பைதான் நிரல்மொழியில் கீறப் பார்க்கிறேன். காலபோக விதைப்புக்கு முன் அப்பா மழை எழுதி வைத்த தன் பழைய கொப்பியைப் புரட்டுவார்; அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். பழைய வானிலைத் தரவு தரும் மீட்டியோஸ்டாட் என்ற பைதான் நூலகத்துக்குக் கிளிநொச்சியின் அகலாங்கு, நெட்டாங்கு கொடுத்தால் வெற்று அட்டவணைதான் வந்தது. பிறகு முல்லைத்தீவு நிலையத்தின் எண்ணை நேரே கொடுத்து இறக்கினேன். மாதக் கூட்டுத்தொகை எடுத்து மேட்பிளாட்லிப் என்ற வரைபு நூலகத்தில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். 1996 மார்கழியைப் பார்த்து ஒரே சிரிப்பு. "அந்த மாரி ஸ்கந்தபுரத்தில தறப்பாளுக்குக் கீழ இருந்து சட்டியால தண்ணி அள்ளி ஊத்தினம். உன்ரை கொம்பியூட்டர் மழையே இல்லை எண்டுது!" எங்கே பிழை விட்டேன்?

குளக்கட்டு:
ஃபில்னா (fillna) போட்டு வெற்றிடங்களைப் பூச்சியமாக்கினீங்களா?

பரந்தன்_பொடியன்:
இல்லை அண்ணா. வெறும் சம் (sum) தான்.

வவுனியா_அக்கா:
அந்த 'வெறும் சம்'தான் கள்ளன், தம்பி. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம், தரவு இல்லாத நாட்களைத் தாண்டிவிட்டு மீதியைக் கூட்டும். மாதம் முழுக்க ஒன்றுமே இல்லாவிட்டால் விடை பூச்சியம். (அட்டவணையில் 'நான்' (NaN) என்று கிடக்கும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 'எண் அல்ல' என்று அர்த்தம்.) 1996 ஆடியில் முல்லைத்தீவில் சண்டை. அந்தக் காலத் தரவில் ஓட்டை இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சம்முக்குள் மின்_கவுண்ட் (min_count) 25 என்று கொடுங்கள். 25 நாளாவது அளவு இல்லாத மாதம் வெற்றிடமாகவே நிற்கும். என் வழக்கம் கூட்டுவதற்கு முன் கவுண்ட் (count) போட்டு மாதத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்ப்பது. பத்து நாள் மட்டும் உள்ள மார்கழி இன்னும் ஆபத்து. பூச்சியமென்றால் அப்பா சிரிப்பார்; 80 மில்லிமீட்டர் என்று வந்தால் அவரும் நம்பிவிடுவார்.

கிளிநொச்சிக்கு ஒன்றும் வராததற்குக் காரணம் வேறு. மீட்டியோஸ்டாட் 1ஆம் பதிப்பில், அகலாங்கு நெட்டாங்கு கொடுக்கும் பாயிண்ட் (Point) சுற்றிவர 35 கிலோமீட்டருக்குள்தான் நிலையம் தேடும். முல்லைத்தீவு 45க்கு மேல், யாழ்ப்பாணம் 50 அளவில். நிலைய எண்ணைக் கொடுத்தது சரியான வேலை. ஆனால் படத்தின் தலைப்பில் முல்லைத்தீவு என்றே எழுதுங்கள். கரையோர மழையும் கிளிநொச்சியின் இரணைமடுக் குளப் பக்க மழையும் ஒன்றல்ல.

குளக்கட்டு:
கொப்பியோடு நாள்வாரியாக ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒன்று. இங்கே மழைமானியை காலை 8.30க்குப் பார்ப்பார்கள், உலக நேரத்தில் அது 3 மணி. 2018 மார்கழி 21 இரவு கொட்டிய மழையை 22 காலையில்தான் அளந்திருப்பார்கள். ஒரு நாள் முன்பின்னாக வந்தால் பதறாதீர்கள். மணித்தியாலத் தரவும் உலக நேரத்தில்தான் வரும், ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். கிட்டடி நாட்களை எடுக்கும்போது மாடலை ஃபால்ஸ் (model=False) ஆக்குங்கள். இல்லாவிட்டால் அளக்காத இடத்தை முன்னறிவிப்புக் கணிப்பால் நிரப்பிவிடும்.

பரந்தன்_பொடியன்:
மின்_கவுண்ட் போட்டேன். 1996 மார்கழிச் சலாகை காணாமல் போய்விட்டது. நன்றி அக்கா, அண்ணா. கொப்பியில் 2003க்குப் பிறகுதான் மில்லிமீட்டர் இருக்கிறது. அதற்கு முன் "நல்ல மழை", "வான் பாஞ்சது" (குளம் நிரம்பி வழிந்தது) என்றுதான் எழுதியிருக்கிறார். அதை எப்படிப் படத்தில் போடுவது?