போடி குடும்பக் குழு: ஜீப்புக்கு அடியில் பச்சைச் சொட்டு

வியாழன்

பெரிய மாமா: [படம்] ஜீப்புக்கு அடியில் இது என்ன என்று யாராவது சொல்லுங்கள். காலையில் துடைத்தேன், மறுபடி சொட்டியிருக்கிறது.

அத்தை: ஆயில்தான். போன மாதமே சொன்னேன், யார் கேட்டது?

பெரிய மாமா: ஆயில் கறுப்பாக இருக்கும். இது பச்சை.

சின்ன மாமா: பச்சை என்றால் கூலண்ட், அண்ணே, எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுகிறோமே, அது. எந்த இடத்தில் விழுகிறது?

பெரிய மாமா: ஃபேனுக்கு நேர் கீழே. ஞாயிற்றுக்கிழமை பூப்பாறை பால்காய்ப்புக்கு எல்லாரும் இதில்தான் போகிறோம், ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணன் (மதுரை): மாமா, எஞ்சின் ஆறிய பிறகு டார்ச் அடித்து வாட்டர் பம்பின் அடிவயிற்றைப் பாருங்கள். சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு ஓட்டை இருக்கும். அதைச் சுற்றிக் கறை இருந்தால் ரேடியேட்டர் இல்லை, பம்புதான்.

பெரிய மாமா: அந்த ஓட்டையா? அதைத் தீபாவளிக்கு முன்னாலேயே எம்சீல் வைத்து அடைத்துவிட்டேனே. இப்போது அது பெயர்ந்து வந்திருக்கிறது.

அக்கா: 😂😂

அண்ணன் (மதுரை): மாமா!! அது தானாக விழுந்த ஓட்டை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பம்பைச் சுழற்றுகிற ஷாஃப்டில் தண்ணீர்ப் பக்கம் தண்ணீரைத் தடுக்கிற சீல், வெளிப்பக்கம் ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங். சீல் தேய்ந்து கசிகிற தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே விழத்தான் நடுவில் அந்த வழி. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங் கிரீஸைக் கழுவிவிடும். இத்தனை மாதமாக அதுதான் நடந்திருக்கிறது.

சின்ன மாமா: சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அண்ணே.

பெரிய மாமா: ஆடுகிறது. விழப்போகிற பல் மாதிரி.

சின்ன மாமா: சரி, முடிந்தது கதை. நம் மஹிந்திரா எம்எம்540 ஜீப்பில் ஃபேன் உட்கார்ந்திருப்பதே பம்பு ஷாஃப்டின் தலையில். பேரிங் விட்டால் இறக்கை போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். சூரியநெல்லியில் நான் ஓட்டும்போது பக்கத்து வண்டிக்கு அப்படி ஆனது. சவாரி வந்தவர்கள் பாதி மலையில் இறங்கி நடந்தார்கள்.

நான்: தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஞாயிறு வரை தாங்காதா?

அண்ணன் (மதுரை): கீழே சமவெளி என்றால்கூட யோசிக்கலாம். பூப்பாறை போகிற வழியில் போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இரண்டாம் கியரில், கொண்டை ஊசி வளைவில், எட்டு பேரை ஏற்றிக்கொண்டு. வேண்டாம். நாளை லீவு போட்டு வருகிறேன்.

வெள்ளி

அண்ணன் (மதுரை): [படம்] கழற்றிய பம்பு. உள்ளே சுழல்கிற சக்கரத்தின் இதழ்களைப் பாருங்கள், எலி கடித்த மாதிரி. மாமா, கூலண்ட் குறைந்தபோது எதை ஊற்றினீர்கள்?

பெரிய மாமா: போர் தண்ணீர்தான்.

அண்ணன் (மதுரை): அதேதான். துருவும் உப்பும் சேர்ந்து சீலையும் அரைத்துவிட்டன. இனி கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பாதி.

அக்கா: புதுப் பம்பு கிடைத்ததா?

அண்ணன் (மதுரை): கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று கையில் எடுத்தாலே லேசாக இருந்தது, சக்கரம் வெறும் தகடு. பழையதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டையும் புல்லி உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மற்றதை வாங்கினேன். உயரம் சற்று மாறினாலும் பெல்ட் கோணலாக ஓடும். ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் சேர்த்தே வாங்கிவிட்டேன். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தது. உள்ளே அழுத்தம் நிற்காவிட்டால் புதுப் பம்பு இருந்தும் கொதிக்கும்.

சின்ன மாமா: எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறிக்கிற அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு, மாப்பிள்ளை. எஸ்டேட் ஜீப்பில் எல்லாம் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம், சூடே ஏறாது.

அண்ணன் (மதுரை): சூடு ஏறாததுதான் மாமா பிரச்சினை. டீசல் எஞ்சின் அதன் சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் அதிகம். அது நல்லபடி திறக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்த்துவிட்டேன். 80-ஐத் தாண்டியதும் திறந்தது.

சின்ன மாமா: இருபது வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சரி, உன் இஷ்டம்.

அத்தை: எந்தச் சட்டியில் வெந்நீர் வைத்தாய்?

அண்ணன் (மதுரை): [படம்] பம்பு போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அதனால் அட்டையில் பம்பு மாதிரி வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தேன். நீளமானதைத் தப்பான ஓட்டையில் முறுக்கினால் பிளாக்கில் போய் முட்டும்.

அத்தை: அது என் பட்டுச்சேலைப் பெட்டி. அதை விடு, எந்தச் சட்டி?

அண்ணன் (மதுரை): அப்புறம் சொல்கிறேன் அத்தை, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த கேஸ்கட் அட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பழையது துளி ஒட்டியிருந்தாலும் கசியும். மணியைக் கட்டி வையுங்கள். பேசினில் பழைய கூலண்ட் இருக்கிறது, இனிப்பாக இருக்கும், நக்கினால் நாய்க்கு விஷம்.

சனி

பெரிய மாமா: பூட்டியாயிற்று. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். குபுக் குபுக் என்று காற்று வந்தது, மட்டம் இறங்க இறங்க ஊற்றினோம். மேல் ஹோஸ் சுட்டபோதுதான் மாப்பிள்ளை மூடியை மூடவிட்டான்.

சின்ன மாமா: பெல்ட்?

பெரிய மாமா: கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்குகிறது. முந்தல் வரை போய் வந்தோம், சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது.

ஞாயிறு

பெரிய மாமா: [படம்] ராத்திரி ஜீப்புக்கு அடியில் விரித்த அட்டை. ஒரு சொட்டு இல்லை. ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நில்லுங்கள்.

நான்: நாங்கள் தயார்.

அத்தை: பால் சட்டியில் ஆயில் நாற்றம். புதுச் சட்டி வந்தால்தான் நான் வண்டியில் ஏறுவேன்.

அண்ணன் (மதுரை): பூப்பாறையில் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான் அத்தை.